சின்ன வாஷர், பெரிய காவல்!

"பாய், நட்டை இறுக்கிட்டேன். இனிமே ஒரு நூல்கூட நகராது."

"வாஷர் போட்டியா தம்பி?"

"அந்த வட்டத் தகடா? கை தவறிக் கீழே விழுந்துடுச்சு பாய். அதான் நட்டு இறுகிடுச்சே!"

"கழற்று. முதல்லேருந்து ஆரம்பி."

பேரணாம்பட்டில் ஒரு தோல் ஆலை. யந்திரங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் நாள். மூத்த பிட்டருக்கும், அவரிடம் வேலை பழகும் பையனுக்கும் இப்படி ஒரு பேச்சு நடந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

பையனுக்கு மனசுக்குள் எரிச்சலாகத்தான் இருக்கும். அரை மணி நேர வேலை வீண்! போல்ட்டு இருக்கிறது, நட்டு இருக்கிறது, இரண்டும் இறுகிக் கிடக்கின்றன. நடுவில் ஓட்டை போட்ட ஒரு தகட்டுத் துண்டுக்காக எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமா?

வேண்டும். மூத்தவர் சொன்னதுதான் சரி. ஏன் சரி? கேளுங்கள்.

சுழலும் பீப்பாய்

வேலூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பேரணாம்பட்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை போல இதுவும் தோலுக்குப் பேர்போன ஊர்.

தோல் ஆலைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது மரப் பீப்பாய். "டிரம்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எட்டு அடி, பத்து அடி உயரத்துக்குப் படுத்த வாக்கில் நிற்கும். உள்ளே தோல், தண்ணீர், பதனிடும் சரக்கு எல்லாம் சேர்ந்து பல டன் எடை. இந்தப் பாரத்தையும் சுமந்துகொண்டு அது மெதுவாகச் சுழல்கிறது.

பீப்பாயின் இரண்டு பக்கத்திலும் வார்ப்பு இரும்புத் தட்டு இருக்கிறது. அதிலிருந்துதான் அச்சு புறப்படுகிறது. அந்தத் தட்டை மரத்தோடு பிணைத்திருப்பவை போல்ட்டுகள். பீப்பாயைச் சுற்றவைக்கும் பெரிய பல் சக்கரமும் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டதுதான்.

நிமிஷத்துக்கு 8 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவிடாமல் ஓடினால் ஒரு நாளில் 11,520 சுற்று! ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இருக்கும் ஈரத் தோல் மேலே ஏறுகிறது, சரிகிறது, "தொப்"பென்று விழுகிறது. அந்த அடி ஒவ்வொன்றையும் போல்ட்டுகள் தாங்க வேண்டும்.

ஒரு போல்ட்டு தளர்ந்தால் என்ன ஆகும்? அதன் பாரம் பக்கத்துப் போல்ட்டின் மேல் விழும். அதுவும் தளரும். பல் சக்கரம் இடம் பெயர்ந்தால் பல் உடையும். பாதியில் நின்ற பீப்பாய்க்குள் ஒரு பீப்பாய்த் தோல் கெடும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் நின்றால்? அதை நினைத்துத்தான் மூத்தவர் "கழற்று" என்றார்.

ஓட்டைக் காலணா

முதலில் வாஷரைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஓட்டைக் காலணா நினைவுக்கு வரும். யுத்த காலத்தில், 1943-ல், செம்பை மிச்சப்படுத்த நடுவில் ஓட்டை போட்டு வெளியிட்ட நாணயம் அது. 1947 வரை அடித்தார்கள். அதே உருவம்தான் வாஷருக்கும்.

சாதாரண வாஷருக்கு மரை கிடையாது, பல் கிடையாது. போல்ட்டில் மாட்டினால் சும்மா சுற்றும். பிறகு அது எதைப் பிடிக்கிறது?

எதையும் பிடிப்பதில்லை. பிடிப்பது போல்ட்டுதான். அந்தப் பிடி நழுவாமல் காப்பது வாஷர். இதைப் புரிந்துகொள்ள, போல்ட்டு எப்படிப் பிடிக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்!

போல்ட்டு என்பது ஓட்டையில் செருகிய தடி, அது தடுத்துக்கொண்டு நிற்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை வேறு.

நட்டை முடுக்க முடுக்கப் போல்ட்டு நீள்கிறது. ஆம், இரும்புதான், ஆனாலும் ரப்பரைப் போல அதுவும் நீள்கிறது. நீண்ட ரப்பர் சுருங்கப் பார்ப்பதுபோல, நீண்ட போல்ட்டும் சுருங்கப் பார்க்கிறது. அப்படிச் சுருங்கப் பார்க்கும்போது, இடையில் இருக்கும் இரண்டு பாகங்களையும் சேர்த்து நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் உண்டாகும் உராய்வுதான் பாகங்களை அசையவிடாமல் வைத்திருக்கிறது.

இந்த இழுப்பு எவ்வளவு தெரியுமா? தலையில் 8.8 என்று எண் பொறித்த, 12 மி.மீ. பருமனுள்ள போல்ட்டை முறையாக முடுக்கினால், அது ஏறத்தாழ 4 டன் பலத்தோடு நெருக்கும். வளர்ந்த ஓர் ஆண் யானையின் எடை!

இவ்வளவு பலத்துக்கும் அது நீள்வது எவ்வளவு? 10 செ.மீ. நீளத்துக்குக் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. விஷயம் அங்கேதான் இருக்கிறது. நட்டுக்கு அடியில் இருக்கும் பொருள் கால் மில்லிமீட்டர் அமுங்கினால் போதும். அந்த நீட்சி முழுவதும் போய்விடும். நீட்சி போனால் நெருக்கம் போயிற்று. நட்டு ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. பார்வைக்கு இறுக்கமாகவே இருக்கும். ஆனால் யானை இறங்கிப் போய்விட்டது!

இப்போது வாஷரின் வேலை விளங்குகிறதல்லவா? அடியில் அமுங்காமல் பார்த்துக்கொள்வது அதன் முதல் கடமை.

மரத்துக்குப் பெரிய வாஷர்

மரத்தில் இந்த அபாயம் அதிகம். 12 மி.மீ. போல்ட்டின் நட்டு, மரத்தைத் தொடும் இடம் ஒரு மெல்லிய வளையம்தான். அந்தச் சிறு இடத்தில் அவ்வளவு பாரமும் விழுந்தால் மரம் நசுங்கும். நட்டு உள்ளே புதையும்.

மரத்தில் போடும் வாஷரின் அகலம், போல்ட்டின் பருமனைப்போல் குறைந்தது 3 மடங்கு இருக்க வேண்டும். கனம், பருமனில் பத்தில் மூன்று பங்குக்குக் குறையக் கூடாது. ஐரோப்பியக் கட்டடத் தரநிலை சொல்லும் கணக்கு இது. 12 மி.மீ. போல்ட்டுக்கு 36 மி.மீ. அகலம், ஏறத்தாழ 4 மி.மீ. கனம். இப்படிப் போட்டால் பாரம் தாங்கும் பரப்பு, வெறும் நட்டைவிட ஏறத்தாழ 8 மடங்காகிவிடும்.

மெல்லிய தகட்டை அகலமாக வெட்டிப் போட்டால் போதாதா? போதாது. மெல்லிய தகடு கிண்ணம்போல் குழிந்துவிடும். ஓரங்கள் மேலே எழும்பி நிற்கும். பாரம் மறுபடியும் நடுவிலேயே விழும். அகலத்தோடு கனமும் வேண்டும். போல்ட்டின் தலையும் மரத்தில் உட்கார்ந்தால், அந்தப் பக்கமும் ஒரு வாஷர் வேண்டும்.

மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நாள்கணக்கில் ஓடாமல் கிடந்த பீப்பாயின் பலகைகள் சுருங்கிப்போய், நேற்று வரை கல்லாக நின்ற நட்டு இன்று கையாலேயே சுற்றும்படி ஆகலாம். விடுமுறை கழிந்து பீப்பாயை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு சுற்று ஸ்பானர் போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

கை பலம் எங்கே போகிறது?

சாதா வாஷருக்கு இரண்டாவது வேலையும் இருக்கிறது.

ஸ்பானரில் நாம் போடும் பலத்தை 100 பங்கு என்று வையுங்கள். அதில் ஏறத்தாழ 50 பங்கு, நட்டின் அடிப்பாகம் உரசுவதிலேயே செலவாகிவிடுகிறது. இன்னும் 40 பங்கு மரைகளின் உராய்வில் போகிறது. மிச்சம் 10 பங்குதான் போல்ட்டை இழுக்கிறது!

நட்டின் அடியில் துருவும் மேடுபள்ளமும் இருந்தால் உரசல் இன்னும் கூடும். கையில் தெரியும் இறுக்கம் அதேதான்; ஆனால் போல்ட்டுக்குப் போய்ச் சேர்ந்த பலம் குறைவு. இதனால்தான் "நன்றாக இறுக்கினேனே, எப்படிக் கழன்றது?" என்று பலர் திகைக்கிறார்கள். வழவழப்பான வாஷர் நட்டுக்கு ஒரே சீரான தரையைக் கொடுக்கிறது. எல்லாப் போல்ட்டும் ஏறத்தாழ ஒரே அளவு இழுபடுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கை. 8.8, 10.9 போன்ற கெட்டியான போல்ட்டுக்கு வாஷரும் கெட்டியாக இருக்க வேண்டும். கைக்கு அகப்பட்ட மெத்தென்ற தகட்டு வாஷரைப் போட்டால், பாரத்தில் வாஷரே நசுங்கும். காப்பாற்ற வந்தவனே காலை வாரிய கதைதான்!

ஸ்பிரிங் வாஷர் ஏமாற்றுமா?

"சாதா வாஷர் கிடக்கட்டும். கழலாமல் இருக்கத்தான் ஸ்பிரிங் வாஷர் போடுகிறோமே!" என்று நீங்கள் கேட்கலாம்.

வெட்டி முறுக்கிய வளையம்தான் ஸ்பிரிங் வாஷர். சைக்கிள் கடையிலிருந்து பெரிய ஆலை வரை அதற்கு நல்ல பெயர். நட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கழலவிடாது என்பது நம்பிக்கை.

ஆனால் கணக்குப் பாருங்கள். முறையாக முடுக்கிய போல்ட்டு டன் கணக்கில் நெருக்குகிறது. ஸ்பிரிங் வாஷரைத் தட்டையாக்க அதில் மிகச் சிறு பங்கு போதும். நட்டு முழுதும் இறுகும் முன்பே வாஷர் தட்டையாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அதற்கும் சாதா வாஷருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1990-ல் வெளியிட்ட போல்ட்டு, நட்டுக் கையேடும் இதையே சொல்கிறது.

அப்படியானால் ஸ்பிரிங் வாஷரைத் தூக்கி எறிந்துவிடலாமா? அவசரம் வேண்டாம். அதிகம் முடுக்கத் தேவையில்லாத சிறு திருகாணிகளிலும், பாரம் குறைந்த மின்சார இணைப்புகளிலும் அது பயன்படுகிறது. லேசான தளர்ச்சி ஏற்பட்டால் நட்டு உடனே உதிர்ந்து விழாமல் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்ளும். ஆனால் பீப்பாயின் பல் சக்கரத்தையும், மோட்டாரின் கால் போல்ட்டையும் அதன் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கக் கூடாது.

1969-ல் தெரிந்த ரகசியம்

நட்டு ஏன் தானாகக் கழல்கிறது? இதற்குச் சரியான விடையை 1969-ல் சொன்னவர் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானிய என்ஜினீயர்.

போல்ட்டின் நீளவாக்கில் ஏற்படும் ஆட்டத்தைவிட, குறுக்குவாட்டில் ஏற்படும் ஆட்டம்தான் மிகப் பெரிய எதிரி என்று அவர் ஒரு சோதனை யந்திரம் வைத்தே காட்டினார். பாகங்கள் பக்கவாட்டில் துளி வழுக்கினாலும், மரைகளில் இருக்கும் பிடிப்பு அந்தக் கணத்தில் விட்டுப்போகிறது. போல்ட்டின் இழுப்பே நட்டைப் பின்னால் தள்ளுகிறது.

இது நம்பும்படி இல்லையா? தோல் கட்டை லாரியில் ஏற்றச் சாய்த்து வைக்கும் பலகையை நினைத்துப் பாருங்கள். அதன்மேல் ஒரு கட்டு கிடக்கிறது. உராய்வினால் வழுக்காமல் நிற்கிறது. இப்போது பலகையைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கட்டு கீழ்நோக்கி வழுக்கத் தொடங்கும். யாரும் கீழே தள்ளவில்லை. பலகை ஆடியதே போதும். மரையும் ஒரு சாய்வுப் பலகைதான். அதைப் போல்ட்டின் மேல் சுற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்!

ஆகவே முதல் வைத்தியம், பாகங்கள் பக்கவாட்டில் வழுக்காதபடி போதுமான அளவு முடுக்குவது. அந்த முடுக்கு நிலைக்கும்படி சரியான வாஷர் போடுவது அடுத்தது. அதற்குமேல்தான் பூட்டு வாஷர்கள்.

பூட்டு வாஷர் பல விதம்

ஸ்டார் வாஷர்: இதற்குச் சுற்றிலும் பற்கள். இறுக்கும்போது நட்டையும் தகட்டையும் கடித்துக்கொள்ளும். மின்சார எர்த் கம்பி இணைக்கும் இடத்தில் இது நல்ல துணை. பெயின்டைக் கீறி இரும்பைத் தொட்டுவிடும். மரத்தின்மேல் போட்டால் மரத்தைத்தான் பிறாண்டும்.

நாக்கு வாஷர்: இதற்கு நாக்குப்போல் நீட்டிய தகடு உண்டு. நட்டை இறுக்கியபின் ஒரு நாக்கை நட்டின் பக்கத்தோடு மடக்கி, இன்னொன்றை யந்திரத்தின் விளிம்பில் மடக்கிவிட வேண்டும். நாக்கு ஒடிந்தாலொழிய நட்டு திரும்பாது. ஒரு தடவை மடக்கியதை நிமிர்த்தி மறுபடியும் போடக் கூடாது. மடக்கிய இடத்தில் ஒடிந்துவிடும்.

கிண்ண வாஷர்: ஆழமில்லாத கிண்ணம் போன்றது. ஜூலியன் பெல்வில் என்ற பிரெஞ்சுக்காரர் 1867-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஸ்பிரிங் வாஷர் செய்ய முடியாத வேலையை இது செய்கிறது. பெரிய பலத்தையும் தாங்கி, அதற்குமேலும் விரிந்து கொடுக்கும். உஷ்ணத்தில் நீண்டு, குளிரில் சுருங்கும் இடங்களில் போல்ட்டின் இழுப்பை விடாமல் காக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே பக்கம் பார்த்து அடுக்கினால் பலம் கூடும். எதிரெதிராக அடுக்கினால் விரிவு கூடும்.

ஆப்பு வாஷர்: இது ஜோடியாகத்தான் வரும். 1980-களில் ஸ்வீடன் நாட்டிலிருந்து பரவியது. இரண்டு வாஷர்களும் முகத்தோடு முகம் பார்க்கும் பக்கத்தில் சரிவான படிகள் இருக்கும். படியின் சரிவு மரையின் சரிவைவிட அதிகம். நட்டு பின்னால் திரும்பப் பார்த்தால், அந்தப் படிகளில் ஏறியாக வேண்டும். ஏறினால் போல்ட்டு இன்னும் இழுபடும். கழலப் போய் இறுகுகிற வேடிக்கை! ஆனால் ஜோடியைத் தப்பான பக்கம் சேர்த்து வைத்தால் இந்தப் பலன் கிடைக்காது.

சரிவு வாஷர்: இது பூட்டு வாஷர் இல்லை, ஆனாலும் ஆலைகளில் பலர் மறந்துவிடுவதால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. சேனல் இரும்பின் உட்புறம் சரிவாக இருக்கும். அங்கே சாதா வாஷர் போட்டு முடுக்கினால், நட்டு ஒரு பக்கம் மட்டும் அழுந்தும், போல்ட்டு வளையும். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்த சரிவு வாஷரைப் போட்டால் நட்டு சமமாக உட்காரும். மோட்டாரைச் சேனல் இரும்பில் உட்கார வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாஷர் இல்லாததால் எரிந்த விமானம்

"இவ்வளவு பேச்சும் ஒரு தகட்டுத் துண்டுக்கா?" என்று இன்னும் யாராவது நினைத்தால், ஜப்பானில் நடந்ததைக் கேளுங்கள்.

2007-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந்தேதி. தைவானிலிருந்து புறப்பட்ட "போயிங் 737-800" ரக ஆகாய விமானம் ஒன்று, ஒகினாவா தீவிலுள்ள நஹா விமான நிலையத்தில் இறங்கியது. பிரயாணிகள் 157 பேர், சிப்பந்திகள் 8 பேர். ஆக 165 உயிர்கள்.

விமானம் வந்து நின்றது. வலது இறக்கையிலிருந்து எரிபொருள் ஒழுகியது. தீப்பிடித்தது. எல்லோரும் அலறியடித்துக்கொண்டு வெளியேறினார்கள். சிறிது நேரத்தில் விமானம் வெடித்துக் கருகியது. நல்லவேளையாக உள்ளே இருந்த 165 பேரும் உயிர் தப்பினார்கள்.

காரணம் என்ன? ஜப்பானிய அதிகாரிகள் துருவி ஆராய்ந்தார்கள். இறக்கையின் முன்பக்கத்தில் நீண்டு மடங்கும் பகுதி ஒன்று உண்டு. அதன் தண்டவாளத்தில் ஒரு போல்ட்டு இருக்க வேண்டும். அந்தப் போல்ட்டின் நட்டு, போல்ட்டு நுழையும் ஓட்டையைவிடச் சிறியது. நட்டு ஓட்டை வழியாக நழுவாமல் தடுப்பது அகலமான ஒரு வாஷர்தான்.

அந்த வாஷர் அங்கே இல்லை. சில வாரங்களுக்கு முன்பு நடந்த பராமரிப்பு வேலையின்போது அது விழுந்துவிட்டிருக்க வேண்டும் என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். வாஷர் இல்லாததால் போல்ட்டு, நட்டு எல்லாம் சேர்ந்து நழுவின. இறக்கையின் அந்தப் பகுதி மடங்கும்போது, கழன்று கிடந்த போல்ட்டு எரிபொருள் டாங்கியில் குத்தி ஓட்டை போட்டுவிட்டது.

இதில் வேதனை என்னவென்றால், அந்தப் பராமரிப்பு வேலை நடந்ததே அந்த நட்டு கழலாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்! நட்டுக்குப் பசை தடவினார்கள், வாஷரைக் கோட்டைவிட்டார்கள். அது நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. விபத்துக்குப் பிறகு, அந்த ரக விமானங்களைச் சோதிக்கும்படி அமெரிக்க விமானத்துறை அவசர உத்தரவு போட்டது.

அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது என்பார்கள். வாஷர் இல்லாத விமானம் ஓடத்தான் ஓடியது. சில வாரம் பறந்தும்விட்டது. அதுதான் அபாயம். உடனே தெரியும் தவறைவிட, தெரியாமல் ஓடும் தவறு பொல்லாதது.

தோல் ஊரின் தனிக் கவலைகள்

மறுபடியும் பேரணாம்பட்டுக்கு வருவோம். தோல் ஆலைக்கென்றே வாஷரில் சில கவலைகள் உண்டு.

பழைய நாளில் கடுக்காயும் அன்னபேதியும் கலந்து கறுப்பு மை காய்ச்சினார்கள். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. கடுக்காயில் துவர்ப்புச் சத்து இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கறுப்பு. பட்டைச் சாற்றில் பதனிடும் தோலிலும் அதே துவர்ப்புச் சத்துதான். ஈரத் தோல் இரும்பு வாஷரில் பட்டால் கருநீலக் கறை விழும். அந்தக் கறை போகாது. தோலின் விலைதான் போகும். அதனால்தான் தோல் படும் இடங்களில் பித்தளையோ, நாம் எவர்சில்வர் என்று சொல்லும் துருப்பிடிக்காத எஃகோ போடுகிறார்கள்.

எவர்சில்வர் போட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டை வேகமாக முடுக்கினால், இரண்டும் கவ்விக்கொண்டு பிறகு கழலவே கழலாது. மரையில் தகுந்த பசை தடவி, நிதானமாக முடுக்க வேண்டும். எவர்சில்வர் பாகத்தின்மேல் சாதா இரும்பு வாஷரைப் போடுவதும் தவறு. தோலிலிருந்து வரும் உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகமும் பேட்டரிபோல் வேலை செய்து, சின்னதாக இருக்கும் இரும்பு வாஷரைத் தின்றுவிடும். போல்ட்டும், நட்டும், வாஷரும் ஒரே இனமாக இருப்பது நல்லது.

அண்ணாந்து கூரையைப் பாருங்கள். கொக்கி போல்ட்டில் மாட்டிய தகரமோ, சிமென்ட் ஷீட்டோ இருக்கும். அங்கே வாஷருக்கு வேலை வேறு: மழையைத் தடுப்பது. தார் வாஷர் அடியில். அதன்மேல் குடைபோல் வளைந்த தகட்டு வாஷர். தார் வாஷர் ஓட்டையை அடைக்கும். குடை வாஷர் அதை அழுத்திப் பிடிக்கும். தார் வாஷரை விட்டுவிட்டால், உலரப் போட்ட தோலின்மேல் சொட்டுச் சொட்டாக மழை விழும். ரொம்பவும் முடுக்கினாலும் தவறுதான்; ஷீட்டு விரிந்துவிடும்.

தோலே வாஷராவதும் உண்டு. சைக்கிள் பம்பின் உள்ளே கிண்ணம்போல் இருப்பது தோல் வாஷர். தெருவில் அடிக்கும் கைப்பம்பிலும் அதே தோல் கிண்ணம் வெகுகாலம் வேலை செய்தது. 1983 முதல் 1988 வரை கோயம்புத்தூர் வட்டாரத்தில் கைப்பம்புகளை வைத்துச் சோதித்தபோது, நைட்ரைல் ரப்பர் வாஷர் தோலைவிட நெடுநாள் உழைப்பது தெரிந்தது. அதன்பின் தோல் மெல்ல விலகிக்கொண்டது. இந்த வாஷர்கள் எதையும் முடுக்கிப் பிடிப்பவை அல்ல. தண்ணீரையும் காற்றையும் கசியவிடாமல் காப்பவை. பெயர் ஒன்று, வேலை இரண்டு.

கவனிக்க வேண்டியவை

பட்டறைக்காரர்களுக்கும் வீட்டில் ஸ்பானர் பிடிப்பவர்களுக்கும் சில யோசனைகள்:

யந்திரத்தை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டுத்தான் நட்டில் கை வைக்க வேண்டும். பீப்பாய் தானாக உருளாதபடி முட்டுக் கொடுப்பதும் அவசியம்.

எந்தப் பக்கத்தைத் திருப்பி முடுக்குகிறீர்களோ, அந்தப் பக்கத்தில் வாஷர் கட்டாயம் இருக்கட்டும்.

புதிதாக முடுக்கிய போல்ட்டை யந்திரம் கொஞ்ச நேரம் ஓடியபின் மறுபடியும் ஒரு தடவை சோதியுங்கள். முதல் ஓட்டத்தில் எல்லாம் சற்றே அமுங்கும்.

நசுங்கிய ஸ்பிரிங் வாஷரையும், மடக்கி நிமிர்த்திய நாக்கு வாஷரையும் திரும்பப் போடாதீர்கள். மிச்சமாகும் காசு சில ரூபாய்; போவது எவ்வளவு என்று சொல்ல முடியாது.

முடுக்கி முடித்ததும், நட்டிலும் பக்கத்துத் தகட்டிலும் சேர்த்து ஒரே நேர்க்கோடாகப் பெயின்ட் கோடு போடுங்கள். நட்டு திரும்பினால் கோடு முறியும். தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும். ஆனால் அமுங்கித் தளர்வது கோட்டில் தெரியாது. அதற்கு ஸ்பானர்தான் சாட்சி.

வேலை முடிந்ததும் வாஷர்களை எண்ணுங்கள். கழற்றியது எத்தனை, மாட்டியது எத்தனை? கணக்கு இடித்தால் யந்திரத்தை ஓட்டாதீர்கள்.

எத்தனை விதமான வாஷர் வந்தாலும் கண்ணுக்கு மாற்று இல்லை. ஆம்பூர் வழியாக ரெயில்கள் பாய்ந்து போகின்றன. அந்தப் பாதையின் போல்ட்டுகளையும் பிடிப்புகளையும் பார்ப்பதற்கென்றே, கையில் சுத்தியலும் ஸ்பானருமாகக் "கீமேன்" என்ற ஊழியர் தினமும் நடக்கிறார். வெயிலோ மழையோ, அந்த நடை நிற்பதில்லை. நம் பட்டறைக்கும் அப்படி ஒருவர் வேண்டும்.

பேரணாம்பட்டு ஆலையில் அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறான்? குனிந்து, பீப்பாயின் அடியில் கையைவிட்டுத் தேடுகிறான். முழங்கை வரை சேறு. மூத்தவர் பேசாமல் நிற்கிறார். சுவிட்சுப் பெட்டியின் சாவி அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

"கிடைச்சுடுச்சு பாய்!"

"துடைச்சுப் போடு தம்பி. அப்புறம்தான் சாவி."